பாக்கெட் பைக் வாங்குமுன்: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

[காட்சி: மலேசியா, சுங்கை சிப்புட். பட்டறை முன்புறம், காலை நேரம். சிமெண்டுத் தரையில் ஒரு பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார்சைக்கிள். அதன் பக்கத்தில் ஒரு குட்டி மோட்டார். குட்டி மோட்டாரின் சீட்டு, ஈஎக்ஸ்5-இன் முன் டயர் உயரத்தைக்கூட எட்டவில்லை.]

வணக்கம். தீபாவளி நெருங்குகிறது, பள்ளி விடுமுறையும் வருகிறது. இந்த நேரத்தில் பட்டறைக்கு வருகிற அப்பா அம்மாக்கள் கைப்பேசியை நீட்டிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இந்தக் குட்டி மோட்டார் வாங்கலாமா? பையன் சாப்பிடாமல் அடம்பிடிக்கிறான்."

வாங்கலாம். நானே வாங்கியிருக்கிறேன், என் அக்கா மகனுக்கு. அவனுக்கு அப்போது எட்டு வயது. அந்த முதல் மோட்டாரை நான் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நீங்கள் "எது நல்ல மோட்டார்?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது, "எங்கே ஓட்டப் போகிறீர்கள்?" அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

[காட்சி: குட்டி மோட்டாரின் சக்கரம், மிக அருகில். அதன் மேல் ஒரு கை விரிந்து படிகிறது.]

இதைப் பாருங்கள். விளிம்பு வெறும் 6.5 அங்குலம். டயரில் 90/65-6.5 என்று எழுதியிருக்கிறது, அது முன் சக்கரம். பின்னால் 110/50-6.5. பாக்கெட் பைக், மினிமோட்டோ என்று சொல்கிற வகைக்கு இதுதான் வழக்கமான அளவு. டயரில் பட்டன், அதாவது மண்ணைக் கவ்வுகிற புடைப்பு, கிடையாது, வழுவழுப்பாக இருக்கும். காய்ந்த தாரில், வழுவழுப்பான சிமெண்டில் இது ஒட்டிக்கொண்டு ஓடும். கோகார்ட் தடத்தில் ஓடுவதற்காகவே உண்டான வண்டி இது.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை. லாரி போய்ப் போய் விழுந்த பள்ளம், ஜல்லி, ஓரத்தில் வெட்டிப் போட்ட மட்டை முள். ஈஎக்ஸ்5-இன் 17 அங்குலச் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தின் மேல் ஏறி இறங்கிப் போய்விடும். 6.5 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். சக்கரம் நிற்கும், ஆள் நிற்க மாட்டான். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையில் சில சென்டிமீட்டர்தான். சஸ்பென்ஷனும் பெரும்பாலான பாக்கெட் பைக்குகளில் கிடையாது. ஒவ்வொரு கல்லும் நேராக மணிக்கட்டில் வந்து அடிக்கும்.

அதனால் தோட்டத்து மண்ணில்தான் ஓட்டப் போகிறோம் என்றால் பாக்கெட் பைக்கை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது பிட் பைக் அல்லது சின்னப் பிள்ளைகளுக்கான டர்ட் பைக். பட்டன் டயர், 10 அங்குலத்துக்குக் குறையாத சக்கரம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன்.

[காட்சி: பழைய 110 சிசி பிட் பைக். கேமரா மெதுவாக இஞ்சினுக்குப் போகிறது, பிறகு பக்கத்தில் நிற்கும் ஈஎக்ஸ்5-இன் இஞ்சினுக்கு.]

இந்த இரண்டு இஞ்சினையும் மாறி மாறிப் பாருங்கள். சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? ஹோண்டா கப் வண்டியின் அமைப்பு அது. சீனாவிலிருந்து வருகிற பிட் பைக் இஞ்சின்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பைப் பின்பற்றியவை. நம் ஊரில் காப்சாய், அதாவது இந்த ஈஎக்ஸ்5 மாதிரிச் சின்ன மோட்டார், பழுது பார்க்காத பட்டறை உண்டா? ரப்பர் பால் எடுக்கப் போனவர்கள் காலத்திலிருந்து இந்த வகை இஞ்சினைக் கழற்றி மாட்டிய கைகள் நம்மிடம் இருக்கின்றன. வால்வு இடைவெளி பார்ப்பது, கார்புரேட்டர் கழுவுவது, கிளட்ச் தட்டு மாற்றுவது எல்லாம் நம் பட்டறை அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். எல்லாச் சாமானும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், வாங்கும்போது ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் வேலை தெரிந்த ஆள் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறார் என்பது பெரிய விஷயம். மோட்டாரின் விலையைப் போலவே இதையும் கணக்கில் சேருங்கள். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ வண்டியை ஏற்றிக்கொண்டு போய்ப் பழுது பார்க்க வேண்டிய நிலை வந்தால், அந்த மோட்டார் பாதி நாள் வீட்டுக்குப் பின்னால் தார்பாயின் கீழேதான் கிடக்கும்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு என்றால் இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். யமஹா பீடபிள்யூ50, ஹோண்டா சிஆர்எஃப்50எஃப். பீடபிள்யூ50-இல் கியர் கிடையாது. சீட்டு சுமார் 48 சென்டிமீட்டர் உயரம், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும் செயினே இல்லை என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆக்சிலேட்டர் எவ்வளவு திரும்பலாம் என்று பெரியவர்கள் கட்டுப்படுத்த ஒரு ஸ்குரூவும் இருக்கிறது. சிஆர்எஃப்50எஃப் கொஞ்சம் உயரம், சீட்டு 55 சென்டிமீட்டருக்குப் பக்கம். மூன்று கியர், கிளட்ச் பிடி கிடையாது. இரண்டுமே பழையதாக வாங்கினாலும் பழுது பார்த்து ஓட்டலாம்.

[காட்சி: கருப்புவெள்ளைப் படம் மாதிரியான கோட்டோவியம். குட்டி மோட்டாரில் முழங்கால் காது வரை ஏறிய ஒரு பெரியவர்.]

இந்தக் குட்டி மோட்டார் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1961-இல் ஜப்பானில் தாமா டெக் என்ற கேளிக்கைப் பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாட ஹோண்டா ஒரு வண்டி செய்தது. 49 சிசி, 5 அங்குலச் சக்கரம். பெரியவர்கள் அதில் ஏறி உட்கார்ந்தால் குரங்கு குந்தியிருக்கிற மாதிரி இருந்ததால் 'மங்கி' என்ற பெயர் நிலைத்தது. அந்தப் பெயரில் 2018-இல் 125 சிசி வண்டியே வந்துவிட்டது. அது 12 அங்குலச் சக்கரம், சாலையில் ஓட்டக்கூடிய முழு மோட்டார். வகை வேறு. ஆனால் ஆரம்பம் ஒரு பூங்கா விளையாட்டு என்பதை மறக்க வேண்டாம். வேலிக்குள் ஓட்டுவதற்கான வண்டி அது.

அப்படியே சட்டத்துக்கு வருகிறேன். பாக்கெட் பைக்கையும் பிட் பைக்கையும் தாமான் (குடியிருப்பு) சாலையில் ஓட்டக் கூடாது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ரோட்டில் ஓடுகிற மோட்டாருக்குப் பதிவு வேண்டும், ரோட் டாக்ஸ் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், அதற்குக் குறைந்த வயது 16. நம்பர் பிளேட் மாட்ட வழியே இல்லாத வண்டி இது. "வீட்டு வாசலில்தானே" என்பார்கள். வாசலுக்கு அடுத்த அடி ரோடு. காரில் வருகிறவருக்கு இடுப்பு உயரத்துக்கும் கீழே ஓடுகிற இந்த வண்டி கண்ணிலேயே படாது. பானட்டுக்குக் கீழே மறைந்துவிடும். கெஞ்சிக் கேட்கிறேன், ரோட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

தோட்டத்துச் சாலை நமக்குச் சொந்தம் மாதிரி தோன்றும். தாத்தா காலத்திலிருந்து நடந்த சாலை. ஆனால் அது தோட்ட நிர்வாகத்தின் இடம். ஆபிஸில் போய் வாய்விட்டுக் கேளுங்கள். பழம் ஏற்றும் லாரியும் டிராக்டரும் ஓடாத நேரம் எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை பழைய களத்து மேட்டுப் பக்கம் மட்டும் ஓட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. அந்த ஒரு துண்டு இடம் போதும், ஒரு பிள்ளை பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்ள.

[காட்சி: ஒரு உள்ளங்கை. அதில் கட்டைவிரல் நீளமுள்ள பிஸ்டன். பக்கவாட்டில் செங்குத்தான கீறல்கள்.]

சரி, இப்போது என் முதல் மோட்டாரின் கதை. இது அதன் பிஸ்டன்.

இணையத்தில் பார்த்து வாங்கிய 49 சிசி பாக்கெட் பைக். அட்டைப்பெட்டியில் வந்தது. விற்றவரிடம் போன் போட்டு, "வேறு ஏதாவது ஊற்ற வேண்டுமா?" என்று கேட்டேன். "பெட்ரோல் ஊற்றினால் போதும், ஓடும்" என்றார். ஊற்றினோம். ஓடியது. அக்கா மகன் சிரித்த சிரிப்பு இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. பூப்பந்து ஆடுகிற சிமெண்டுத் தளத்தில் நாலைந்து சுற்று. பிறகு சத்தம் மாறியது. கீச்சென்று ஒரு இழுப்பு. இஞ்சின் பூட்டிக்கொண்டு நின்றது.

இது டூ ஸ்ட்ரோக் இஞ்சின். காப்சாய் மாதிரி அடியில் தனியாக இஞ்சின் எண்ணெய் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற டூடி (2T) எண்ணெய், அதாவது டூ ஸ்ட்ரோக் எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் வழுக்க வைக்கிறது. எண்ணெய் இல்லாத பெட்ரோல் போனால் இரும்பும் அலுமினியமும் நேருக்கு நேர் உரசும். இந்தக் கீறல்களை நகத்தால் தடவினால் நகம் மாட்டிக்கொள்கிறது, பாருங்கள். வெளியேற்றுக் குழாய்ப் பக்கம்தான் ஆழம் அதிகம், அந்தப் பக்கம்தான் சூடு அதிகம்.

கலக்குகிற அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும். இந்த வகைச் சீன இஞ்சினுக்குப் பெரும்பாலும் 25-க்கு 1 என்று போட்டிருப்பார்கள். அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெய். கண்ணளவில் ஊற்றாதீர்கள். நான் மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன். நாலு தடவை இழுத்து ஊற்றினால் 40. முதலில் எண்ணெய், பிறகு பெட்ரோல், மூடி போட்டுக் குலுக்கி, அப்புறம்தான் டாங்கியில். பெட்ரோலுக்கென்றே செய்த கேனில்தான் கலக்குவேன். அதன் மேல் பெரிய எழுத்தில் 'கலந்தது' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், வீட்டில் யாரும் அதைக் காப்சாயில் ஊற்றிவிடாமலும், காப்சாய் பெட்ரோலை இதில் ஊற்றிவிடாமலும் இருக்க.

[காட்சி: வண்டி ஒரு கட்டையின் மேல், பின் சக்கரம் அந்தரத்தில். ஒரு கை ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டு விடுகிறது. பளிச்சென்று திரும்பி வருகிறது.]

புதிது வாங்கினாலும் பழையது வாங்கினாலும் நான் முதலில் செய்கிற சோதனை இதுதான். இஞ்சின் அணைந்திருக்கும்போதே ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிக் கையை விடுங்கள். தானாக, உடனே, டக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பி ஒரு தடவை, வலது கோடிக்குத் திருப்பி ஒரு தடவை. கேபிள் குட்டையாக இருந்தால் ஹேண்டில் திருப்பும்போது தானாகவே இழுபடும். சோம்பலாகத் திரும்பி வருகிற ஆக்சிலேட்டரை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை ஏற்றிவிடக் கூடாது. பயந்துபோன பிள்ளை கையை விடாது, இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

அடுத்தது கிளட்ச். பாக்கெட் பைக்கில் கிளட்ச் பிடி கிடையாது. உள்ளே இரண்டு மூன்று கட்டைகளை ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். இஞ்சின் வேகம் கூடினால் கட்டைகள் விரிந்து வெளிக் கிண்ணத்தைக் கவ்வும், வண்டி நகரும். வேகம் குறைந்தால் விட்டுவிடும். ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, ஐட்லிங் அதிகமாக வைத்திருந்தாலோ, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்த அடுத்த நொடி வண்டி பாய்ந்துவிடும். அதனால்தான் எப்போதும் பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஸ்டார்ட் செய்கிறோம். ஸ்டார்ட் ஆனதும் சக்கரம் சும்மா இருக்க வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அணைக்கிற சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற கயிறு இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இஞ்சின் நின்றுவிடும். இல்லையென்றால் தனியாக வாங்கிப் பொருத்துங்கள்.

பெட்டியில் வந்த வண்டியின் நட்டு போல்ட்டை நம்பவே நம்பாதீர்கள். எங்களுடைய வண்டியில் முன் அச்சு நட்டைக் கையாலேயே கழற்ற முடிந்தது. எல்லாவற்றையும் ஒரு முறை இறுக்கி, அதிர்வு வருகிற இடங்களில் போல்ட்டுக்குப் பசை போட்டு, முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடியும் இறுக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் அதிர்வு சாதாரணமானது இல்லை.

பிரேக்கில் இரண்டு வகை. கேபிள் இழுக்கிற டிஸ்க் மலிவானது, அடிக்கடி சரிசெய்ய வேண்டும். எண்ணெய் பிரேக் விலை கூடுதல். சிறு கைக்கு எண்ணெய் பிரேக் பெரிய உதவி. பிள்ளையின் விரலால் பிடியை எட்டி, முழுதாக அமுக்க முடிகிறதா? கடையிலேயே கையுறை போட்டு அமுக்கச் சொல்லிப் பாருங்கள். பல அப்பாக்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள், இதைப் பார்க்க மாட்டார்கள்.

[காட்சி: பழைய வண்டியின் கழுத்துப் பகுதி, ஹேண்டில் சட்டகத்தோடு சேருகிற இடம். டார்ச் வெளிச்சத்தில் வெல்டிங் மேல் பெயிண்டில் மெல்லிய கோடு.]

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு: "நாங்கள் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த இஞ்சினில்தான் உண்மை தெரியும். கயிற்றை இழுக்கும்போது அது கைக்கு எதிராகத் திமிற வேண்டும், வழுக்கென்று வந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தம், போய்விட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் நல்லது. வெள்ளையாக வெளுத்திருந்தால் இஞ்சின் சூடேறி ஓடியிருக்கிறது. ஈரக் கருப்பாக இருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ அதிகம், அது சரிசெய்யக்கூடியது. பிறகு கழுத்துப் பகுதி வெல்டிங். அங்கே பெயிண்டில் இப்படி ஒரு கோடு தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பேரம் வேண்டாம். இஞ்சின் போனால் மாற்றலாம், கழுத்து ஓட்டத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்சார வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். சத்தமில்லை, கலவை எண்ணெய் இல்லை, வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்க மாட்டார். ஆறு வயதுக்குள் பழக்குவதற்கு நல்லது. பேட்டரி சாமான் கிடைக்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: கோகார்ட் தடம், மேலிருந்து. வளைவுகளில் வெள்ளைக் கோடு.]

பந்தயம் என்றால் பேச்சே வேறு. இத்தாலிய மோட்டோஜிபி பந்தய வீரர் மார்க்கோ சிமொன்செல்லியை நம் நாட்டில் யார் மறப்பார்கள்? 2011 அக்டோபர் 23, சிப்பாங் பந்தயத்தில் அவர் உயிரிழந்த அந்த விபத்தை நான் நேரலையில் பார்த்தேன். பிறகு அவரைப் பற்றி வாசித்தபோதுதான் தெரிந்தது, அவர் 1999-இலும் 2000-இலும் இத்தாலிய மினிமோட்டோ சாம்பியன். இந்த 6.5 அங்குலச் சக்கரத்தில் தொடங்கிய ஆள். பல முறை உலகச் சாம்பியனான வேலன்டினோ ரோசியும் மினிமோட்டோ ஓட்டி வந்தவர்தான். அவர்கள் ஊரில் அதற்கென்று தடம் இருந்தது, அப்பாக்கள் ஞாயிறுதோறும் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இத்தாலியின் போலினி, செக் நாட்டின் பிளாட்டா மாதிரிப் பந்தயப் பாக்கெட் பைக்குகள் 40 சிசிக்குள்தான் இருக்கும். ஆனால் நம் 49 சிசி பெட்டி வண்டியை எளிதாகத் தாண்டிப் போகும். இஞ்சின் அளவை வைத்து வேகத்தைக் கணக்குப் போடாதீர்கள். இவற்றை முதல் வண்டியாக வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பத்து வயதைத் தாண்டிய, நிஜமாகவே ஆர்வமுள்ள பிள்ளைக்கு 10, 12 அங்குலச் சக்கர மினி ஜிபி வண்டிதான் பாதை. ஹோண்டா என்எஸ்ஆர்50, என்எஸ்எஃப்100 இரண்டும் 12 அங்குலம். என்எஸ்ஆர்50 டூ ஸ்ட்ரோக், 1987-இல் வந்தது. என்எஸ்எஃப்100 ஃபோர் ஸ்ட்ரோக், பராமரிப்பு எளிது. 2021-இல் தொடங்கிய எஃப்ஐஎம் (உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு) மினி ஜிபி உலகத் தொடரில் ஓவாலே ஜிபி-0 என்ற இத்தாலிய வண்டி ஓடுகிறது. 160 சிசி, 10 அங்குலச் சக்கரம், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு. அதன் விலை ஒரு புது ஈஎக்ஸ்5 விலையைப்போல் பல மடங்கு. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது சாதாரணத் தொகை இல்லை, எனக்குத் தெரியும். அதனால் முதலில் வண்டி வாங்காதீர்கள். சிப்பாங் பந்தய வளாகத்தில் கார்ட் தடம் இருக்கிறது. ஒரு நாள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், வேலியோரம் நின்று, ஓட்டுகிறவர்களின் அப்பாக்களிடம் பேசுங்கள். ஒரு நாளைக்கு டயர் எவ்வளவு, எது அடிக்கடி உடைகிறது, பழைய வண்டி யார் விற்கிறார்கள் என்று அவர்கள்தான் உள்ளது உள்ளபடி சொல்வார்கள். நம்மிடம் 1994-இலிருந்து கப் பிரிக்ஸ் என்ற காப்சாய் பந்தயத் தொடர் இருக்கிறது. காப்சாய் ஓட்டியே பந்தயத்துக்குள் போக அதுவும் ஒரு வாசல்.

[காட்சி: மேசையில் முழுமுகத் தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு. பக்கத்தில் ஒரு பெரியவரின் தலைக்கவசம்.]

பணத்தைப் பிரிக்கும்போது இந்த மேசைக்கு முதலில் ஒதுக்குங்கள். சிரிம் தர முத்திரை உள்ள முழுமுகத் தலைக்கவசம், பிள்ளையின் தலை அளவுக்கு. அப்பாவின் தலைக்கவசத்துக்குள் துண்டைத் திணித்துப் போட்டுவிட்டால் அது விழும்போது முதலில் கழன்றுவிடும். வாரை மாட்டி, பின்னாலிருந்து முன்பக்கமாக உருட்டிப் பாருங்கள், கழலக் கூடாது. கையுறை, முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, கணுக்கால் மூடுகிற காலணி. பையன் வேகமாக ஓட்டப் போவதில்லை என்று நினைக்காதீர்கள். இவன் தலை தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்கூட இல்லை, ஆனால் சிமெண்டு எல்லாருக்கும் ஒரே கடினம்தான்.

[காட்சி: பட்டறை, மாலை. மழை விட்டிருக்கிறது. பிட் பைக்கின் பக்கத்தில் ஒரு சிறுவன் குந்தியிருக்கிறான், கையில் 10 நம்பர் ஸ்பேனர்.]

அந்தப் பாக்கெட் பைக்குக்குப் புது பிஸ்டனும் சிலிண்டரும் போட்டாயிற்று. சிமெண்டுத் தளத்துக்கு மட்டும் எடுக்கிறோம். களத்து மேட்டுக்கு இந்தப் பிட் பைக், பழையது, நம் ஊரிலேயே வாங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அக்கா மகனே வந்து உட்கார்ந்துகொள்வான். முன் அச்சு, பின் அச்சு, பிரேக், செயின், ஆக்சிலேட்டர் என்று வரிசையாகத் தொட்டுத் தொட்டுச் சொல்வான். ஒன்றை விட்டுவிட்டால் மறுநாள் ஓட்டம் கிடையாது, அதுதான் எங்களுக்குள் பேச்சு. போன வாரம் பின் அச்சில் நட்டு லேசாகத் தளர்ந்திருந்ததை அவன்தான் கண்டுபிடித்தான்.

"மாமா, இது ஆடுது."

[காட்சி: ஸ்பேனர் நட்டில் பொருந்துகிறது. சிறு கையின் மேல் பெரிய கை. ஒரு சுற்று.]